சீல் வைத்த ஆம்ப்ளிபயர்

கரை மீன் ஏலக்கூடத்தில் வைத்து என்னைத் திருடனாக்கிய திட்ட அலுவலர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லியிருப்பார் என்று முதலில் நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதனால் அது பொய்தான்.

நான் மைக்செட்காரன். மாப்பிள்ளையூரணியில் சாலையோரம் சின்னக் கடை. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ரேடியோ குழாய் கட்டியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. கோபத்தில் எழுதுகிறேன், கோபம் போகும் முன்னால் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனம் மீனவர்களுக்காகத் தகவல் மையம் நடத்துகிறது. ஒரே அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆம்ப்ளிபயர், மொட்டை மாடிக் கம்பத்தில் நாலு ஒலிபெருக்கிக் குழாய். மறுநாள் காற்று எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் இணையத்தில் பேச்சாகவே வரும். அதை இறக்கித் தினமும் சாயங்காலம் நாலரைக்குப் போடுவார்கள். கரை முழுக்கக் கேட்கும். போனில்தான் எல்லாம் வருகிறதே, குழாய் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஒரு சாயங்காலம் அங்கே வந்து நிற்க வேண்டும். வலை சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறவன் ஈரக் கையால் போனைத் தொட மாட்டான். காது மட்டும்தான் அவனுக்கு ஓய்வாக இருக்கும்.

மையத்தைப் பார்த்துக்கொள்வது கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவள் கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். குழாய்களும் ஆம்ப்ளிபயரும் என் பொறுப்பு. ஒரு சாவி அவளிடமும் ஒரு சாவி என்னிடமும் இருந்தது. மைக்செட்காரனிடம் ஊரே சாவி கொடுக்கும். பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடம், மணப்பெண் நகை கழற்றி வைத்திருக்கிற அறை, எல்லாவற்றுக்குள்ளும் ஒயர் இழுத்துக்கொண்டு போகிறவன் நான். ஒரு பின்னு காணாமல் போனது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூசைக்கு மூன்று வாரம் முன்னால் மையத்து ஆம்ப்ளிபயரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உப்புக் காற்றில் சுவிட்ச் துருப்பிடித்து, திருகுகிற குமிழ்கள் எல்லாம் கரகரத்தன. சுவிட்சும் குமிழும் புதிதாக மாற்றி இரண்டாம் நாள் கொண்டுவந்து வைத்தேன். பாடியது. ஆனால் மையத்துப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எதையும் எழுதி வைத்து நான் வேலை செய்ததில்லை, அதுதான் காரணம். வேறு சாக்கு இல்லை.

ஆயுத பூசைக்குத் திட்ட அலுவலர் வந்தார். கம்ப்யூட்டரை எல்லா ஒயரையும் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு மையத்துப் பெண் வழக்கம்போலப் போட்டாள். குழாயில் சத்தம் இல்லை. எனக்குப் போன் செய்தாள். நான் ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் கம்பத்தின் மேலே நின்றுகொண்டிருந்தேன்.

“நாளைக்குக் காலைல வாரேன்மா. ஒயரு ஏதும் மாத்திச் சொருகியிருப்பிய” என்றேன்.

நான் போவதற்குள் அலுவலர் அங்கே போய்விட்டார். அவர் சென்னையில் யாருக்கோ போன் போட்டிருக்கிறார். அங்கே இருந்தவர், பாட்டைப் போட்டுவிட்டுத் திரையில் சத்தத்துக்கான பச்சைக் கோடு ஆடுகிறதா பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆடியது. அப்படியானால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே என்று முடிவு கட்டிவிட்டார்கள். பச்சைக் கோடு ஆடினால் சத்தம் வெளியே போகிறது என்று அர்த்தமா? என் மிக்சரில் முள் தலைகீழாக ஆடும், பின்னால் ஒயர் அறுந்து கிடக்கும். பந்தலில் வேலை பார்க்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். என்னைக் கேட்கவில்லை.

அலுவலர் அடுத்து ஆம்ப்ளிபயரைப் பார்த்திருக்கிறார். குமிழ் புதுசு, சுவிட்ச் புதுசு. பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். ஒன்றும் இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு ஏலக்கூடத்தில் மாதக் கூட்டம். வள்ளக்காரர்கள், சங்கு குளிக்கிறவர்கள், ஏலத்தில் மீன் எடுக்கிற பெண்கள் என்று கூடம் நிறைய ஆள். நான் ஓரமாக நின்றேன். சத்தம் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டதும் அலுவலர் எழுந்தார்.

“கம்ப்யூட்டர்ல சவுண்ட் ஓடுது. செக் பண்ணியாச்சு. பிராப்ளம் ஆம்ப்ளிபயர்ல. அது நாம வாங்கிக் குடுத்த ஆம்ப்ளிபயரே இல்ல. நாப் வேற, சுவிட்ச் வேற. உள்ள என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? அதை வெளிய தூக்கிட்டுப் போனது யாருன்னு உங்களுக்கே தெரியும்.”

“மாத்தி வச்சிட்டாருன்னு சொல்லுதீயளா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“நான் சொல்லலம்மா. பொருள் சொல்லுது.”

பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார்? திருடன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

“சார், அதை இப்பவே இங்கன கொண்டாங்க. என் போனை அதுல மாட்டிக் காட்டுதேன். பாடலைன்னா என் சட்டையப் பிடிங்க” என்றேன்.

“அதெல்லாம் கூடாது. விசாரணை முடியிறவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது.”

கூட்டம் முடிந்ததும் நேரே மையத்துக்குப் போய், ஆம்ப்ளிபயரின் பின்பக்கம், ஒயர் மாட்டுகிற ஓட்டைகளின் மேலேயே, வெள்ளைத் தாளைப் பசை போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு ரப்பர் முத்திரை குத்தினார். வெளியே வந்து வாசலில் பத்துப் பேர் பார்க்கக் கையை நீட்டி என் சாவியை வாங்கிக்கொண்டார்.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது எது தெரியுமா? விசாரணையை அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் நடத்தட்டும். என் கடையிலிருந்து வேறு ஆம்ப்ளிபயரை அதுவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வாசலிலேயே சொன்னேன். “உங்க பொருள் இனி உள்ள வரவேண்டாம்” என்றார். வாடைக் காற்று தொடங்குகிற மாசத்தில், ஒரு கரையின் காதைத் தாள் ஒட்டி மூடிவிட்டுப் போனார். மையத்துப் பெண் இணையத்தில் எழுத்தாக வருவதைப் பார்த்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் சாய்த்து வைத்தாள். அலை இவ்வளவு, காற்று இவ்வளவு என்று. வலைக்குள் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து வந்து அதைப் படிக்க வேண்டுமாம்.

ஐந்தாம் நாள் காற்று எழும்பியது. பலகையில் எழுதித்தான் இருந்தது. போனவர்கள் பார்க்காமல் போனார்கள். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஒரு வள்ளம் இரண்டு மணி நேரம் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. நான் டீக்கடையில் நின்றேன். அந்த வள்ளத்திலிருந்து இறங்கிய சங்கு குளிக்கிற இளவட்டம் ஒருவன், என் மகன் வயசு, இடுப்புச் சாரம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்க நேரே என்னிடம் வந்தான்.

“ஏலே மைக்செட்டு, எங்க ஆம்ப்ளிபயர எவங்கிட்டலே குடுத்த?”

டீக்கடைக்காரர் அவனை அதட்டினார். “ஏல, வயசுக்கு மரியாத குடுத்துப் பேசு.”

“மரியாதையா? நாங்க செத்துத் தொலைஞ்சிருந்தா அந்த ஆம்ப்ளிபயரை வச்சித்தான் ஒப்பாரி போட்டிருப்பாரு.”

போன மாசம் வரை அந்தப் பையனுக்கு நான் அண்ணாச்சி. அவன் கல்யாணத்துக்கு நான்தான் மைக்செட் கட்டினேன். அந்தக் கரையில் சின்னது பெரியது எல்லாரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கூலி கொடுத்து வாங்குகிற பேர் இல்லை அது. வருஷக் கணக்காகக் கம்பத்தில் ஏறி இறங்கி வாங்கிய பேர். ஐந்து நாளில் ‘ஏலே’ ஆகிவிட்டது. திருவிழாக் கமிட்டிக்காரர் கடைக்கு வந்து, “இந்த வருசம் வேற ஆளு பாத்துட்டோம், தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் அண்ணாச்சி என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் மையத்துப் பெண் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, இங்கன யாருமில்ல. வந்து இந்தக் கம்ப்யூட்டரப் பாக்கியளா? எங்க வீட்ல அவிய நாளைக்குக் கடலுக்குப் போறாவ. பலகையில எழுதுறத அவியளே படிக்க மாட்டேங்காவ, பெறவு ஊரு எங்கன படிக்கும்?”

“என்னைய உள்ள விட்டா ஒன் வேலை போயிரும்மா.”

“போனாப் போவுது. ஆம்ப்ளிபயரத் தொடாதீங்க. கம்ப்யூட்டருக்குச் சீல் வைக்கலல்லா?”

அது எனக்கு உறைத்தது. ஒன்பது நாளும் ஆம்ப்ளிபயரையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த ஆளின் பேச்சு என் மண்டையையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தது.

கடையில் இருந்த கையடக்க ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அதை என் போனில் மாட்டிப் பாடவிட்டு அவளிடம் காட்டினேன். பிறகு கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை ஓட்டையில், ஆம்ப்ளிபயருக்குப் போகிற ஒயர் மாட்டியிருந்த அதே இடத்தில், ஸ்பீக்கரைச் சொருகினேன். சத்தம் நின்ற அன்றைக்கு இறக்கியிருந்த அறிவிப்பை அவள் போட்டாள். திரையில் பச்சைக் கோடு ஆடியது. ஸ்பீக்கரில் ஒரு மூச்சு இல்லை.

ஆம்ப்ளிபயர் சீலோடு ஓரமாக இருக்கிறது. அது இல்லாமலேயே சத்தம் இல்லை. கோளாறு கம்ப்யூட்டருக்குள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அலுவலர் ஒன்பது நாளில் செய்யவில்லை.

“அப்ப நம்ம அண்ணாச்சி யோக்கியம்தான்” என்றாள்.

“நீயும் சந்தேகப்பட்டியாம்மா?”

“ஒரு நா மட்டும்” என்று சிரித்தாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் நிறுவனம் அதைப் போட்டிருக்கிறது. எனக்கு அது தெரியாது. அவளுக்குப் பயிற்சியில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சத்தம் புறப்படுகிற இடத்திலிருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். எங்கே செத்திருக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். பந்தலில் செய்வதையே இங்கேயும் செய்தோம்.

பின்னால் இருந்த ஓட்டையைத் துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். ஒன்றும் இல்லை. சத்தத்துக்கான பக்கத்தைத் திரையில் திறந்தாள். சத்தம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல். அதில் ஹெட்போன் என்பது தேர்வாகியிருந்தது. பின்பக்க ஒயரைக் காட்டும் லைன் அவுட் என்பது கீழே மங்கலாகக் கிடந்தது.

“ஹெட்போனு எங்கன இருக்கு?” என்று கேட்டேன்.

“நம்மட்ட ஹெட்போனே கிடையாதே அண்ணாச்சி.”

லைன் அவுட்டுக்கு மாற்றினாள். ஊமை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். மறுபடியும் ஹெட்போன் என்றே வந்து நின்றது. நோட்டைப் பார்த்துக் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஆல்சாமிக்சர் என்று தட்டினாள். தூண் தூணாக வந்தது, என் மிக்சரில் இருக்கிற மாதிரியே. எனக்கு உயிர் வந்தது. இரண்டு தூணுக்குக் கீழே எம் எம் என்று இருந்தது. அது வாய்ப்பூட்டு என்று நோட்டில் இருந்தது. எம் விசையைத் தட்டித் திறந்தாள். அப்போதும் ஊமைதான். வலது ஓரத்தில் ஆட்டோ மியூட் என்று ஒன்று, எனேபிள்டு என்று நின்றது.

“இது என்னதும்மா?”

நோட்டில் தேடினாள். “முன்னால ஹெட்போன் மாட்டுனா, பின்னால போற சத்தத்த அதுவே நிப்பாட்டிரும்னு போட்டிருக்கு.”

அதை டிசேபிள்டு என்று மாற்றினாள். ஸ்பீக்கர் கத்தியது. ஒன்பது நாள் முன்னால் போட வேண்டிய அறிவிப்பு, “மீனவர்கள் கவனத்திற்கு” என்று தொடங்கியது. அவள் கைதட்டினாள்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு விசையைத் தட்டினோம், சத்தம் வந்தது என்று போய்ச் சொன்னால் அந்த அலுவலர் நம்புவாரா? இல்லாத ஹெட்போனை இருக்கிறது என்று இந்தப் பெட்டி எதற்காகச் சொல்கிறது? அதைக் காட்டாமல் என் பேர் திரும்பாது.

போன் வெளிச்சத்தைப் பெட்டியின் முன்பக்கம் ஹெட்போன் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ நின்றது. அவள் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றித் தந்தாள். நெம்பினேன். ஒரு விரல் நகம் நீளத்துக்கு மூங்கில் குச்சி வந்தது. அதோடு ஒட்டி இன்னொன்று. நுனி சிவப்பு. சுற்றிலும் காய்ந்த சந்தனம்.

ஊதுபத்தி.

இரண்டு குச்சி ஓட்டைக்குள் ஒடிந்து கிடந்து, உள்ளே இருந்த தகட்டைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. யாரோ ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று அந்தப் பெட்டி இத்தனை நாளாகப் பின்பக்கத்தை அடைத்து வைத்திருந்தது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ மாதாவே. சார்தான் குத்துனாரு அண்ணாச்சி. வாழப்பழத்துல குத்துங்க சார்னு நான்கூடச் சொன்னேன். பழம் வீணாப் போவும், இங்கதான் அளவா ஓட்ட இருக்கேன்னாரு. நாங்க மாதா கோயிலுக்குப் போற ஆளுக, இவுக பூசையில எது எங்க குத்தணும்னு எனக்கு என்ன தெரியும்? பொரி குடுத்தாவ, தின்னேன்.”

அவள் போனில் படம் இருந்தது. மையத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அலுவலரே அனுப்பிய படம். மாலை போட்ட கம்ப்யூட்டர், அதன் மூக்கு மாதிரி முன்னால் இரண்டு ஊதுபத்தி புகைய, பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்.

பூசை செய்ததை நான் குறை சொல்லவில்லை. என் கடையிலும் ஆம்ப்ளிபயருக்குச் சந்தனம் வைக்கிறேன். ஓட்டையைக் கண்டால் பத்தியைச் செருகுகிற புத்தி நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. தப்பு யாருக்கும் வரும். பதிவேட்டில் எழுதாதது என் தப்பு, மேலே எழுதிவிட்டேன். தன் கையால் செய்ததை அடுத்தவன் தலையில் கட்டியதைத்தான் கேட்கிறேன்.

மறுநாள் அலுவலர் வந்தார். குச்சிகளை ஒரு தாளில் வைத்துக் காட்டினேன். படத்தைக் காட்டினேன். ஆட்டோ மியூட்டைப் பழையபடி ஆக்கிவிட்டு, மறுபடி ஓட்டையில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி ஊமையாக்கி, உருவிப் பாடவைத்துக் காட்டினேன். மூன்று தடவை. அவர் முகம் சுருங்கியது. பிறகு சீல் தாளைத் தானே கிழித்தார்.

“சரி, வேலை முடிஞ்சுதுல்ல. விடுங்க அண்ணாச்சி. இதைப் பெரிசு பண்ணாதீங்க” என்றார்.

“பெரிசு பண்ணது நீங்க சார். அங்க நின்னு சொன்னதை அங்கயே நின்னு மாத்திச் சொல்லுங்க.”

“அதெல்லாம் எல்லாருக்கும் தானாத் தெரிஞ்சிரும்.”

போகும்போது பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். நான் படித்தேன். ‘ஆம்ப்ளிபயர் பழுது சரிசெய்யப்பட்டது.’ இவ்வளவுதான். ஊதுபத்தி இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. பழுது என் தலையிலேயே இருக்கிறது, சரி செய்தவர் யார் என்றும் இல்லை.

தானாக என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து அதே டீக்கடை, அதே பையன். குழாயில் அன்றைய அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. என் தோளில் கையைப் போட்டான்.

“பரவால்லவே. திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டீரு. எல்லாருக்கும் ஒரு நேரம் புத்தி தடுமாறத்தான் செய்யும்.”

மன்னிக்கிறான். செய்யாத திருட்டுக்கு என்னை மன்னிக்கிறான். கூட்டத்தில் ஆம்ப்ளிபயர் மேல் பழி சொன்னார்கள், சீல் வைத்தார்கள், பிறகு ஒரு நாள் குழாய் பாடியது. ஏலக்கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதிலிருந்து வேறு என்ன தோன்றும்? திருடியவன் பயந்துபோய்ப் பொருளைத் திருப்பி வைத்துவிட்டான் என்றுதான் தோன்றும். மையத்துப் பெண்ணும் அவள் கணவரும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். “ஒங்களுக்கு வேண்டிய ஆளு, அப்படித்தான் சொல்லுவிய” என்று கேட்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். ஊதுபத்தியால் சத்தம் நின்றது என்பதை வேறு யார் சொன்னாலும் கதை மாதிரித்தான் இருக்கும். குத்தியவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

ஆகவே திட்ட அலுவலர் அவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து வருத்தம் சொல்ல வேண்டாம், போன் செய்ய வேண்டாம், வேறு ஆளை அனுப்ப வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஏலக்கூடத்தில் எழுந்து நில்லுங்கள். கம்ப்யூட்டரில் ஊதுபத்தியைக் குத்தியது யார்? ஆம்ப்ளிபயரை ஒரு தடவைகூட மாட்டிப் பார்க்காமல் என்னைக் கைகாட்டியது ஏன்? உண்மை தெரிந்த பிறகும் பதிவேட்டில் ஆம்ப்ளிபயர் பழுது என்று எழுதியது எதற்கு? அத்தனை பேர் முன்னாலும் இந்த மூன்றுக்கும் உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.